நாய்க்குட்டிக்கு இன்ஷூரன்ஸ் அவசியமா?

நாஞ்சில் நாட்டில் வயலும் தோப்பும் உடைய குடித்தனக்காரர்களுக்கு நாய் வளர்ப்பது வெறும் பொழுதுபோக்கன்று. அது காவல் வேலையின் ஒரு பகுதியாகும். கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகங்களிலும் அறுவடையான நெல் களத்தில் கிடக்கும் நாட்களில், இரவில் அந்நியர் வரவு கண்டு குரல் கொடுக்க ஒரு நாய் வேண்டும். தோவாளைத் தாலுகாவில் மலையடிவாரத்தை ஒட்டிய நிலங்களில் காட்டுப்பன்றியின் நடமாட்டத்தை முதலில் அறிவிப்பதும் நாயேயாகும். முற்காலத்தில் அண்டை வீட்டில் ஈன்ற குட்டியொன்றை விலையின்றி எடுத்து வந்து சோறிட்டு வளர்ப்பதே வழக்கம். இப்பொழுதோ இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய ஜாதி நாய்க்குட்டிகளையும், வெளிநாட்டு ஜாதிக் குட்டிகளையும் பணம் கொடுத்து வாங்குவோர் பலர். பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்குப் பாதுகாப்புத் தேடுவது மனித இயல்பு. ஆகவே, "குட்டிக்கும் இன்ஷூரன்ஸ் செய்துவிடலாமா?" என்னும் கேள்வி எழுகின்றது.

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறுவது சரியன்று. பாலிசி எதைக் கொடுக்கும், எதைக் கொடாது என்பதையும், அதற்குச் செலவிடும் பணத்தை வேறு எவ்வழியில் செலவிட்டால் அதிக நன்மை உண்டாகும் என்பதையும் அறிந்த பின்னரே ஒவ்வொருவரும் தத்தம் நிலைமைக்கேற்ப முடிவு செய்தல் வேண்டும். அவ்வாறு முடிவு செய்வதற்குரிய விவரங்களை இங்கே தருகின்றோம்.

பிராணி இன்ஷூரன்ஸின் வரலாறு

பிராணிகளுக்கு இன்ஷூரன்ஸ் செய்யும் வழக்கம் குதிரை, மாடு முதலிய உழைக்கும் பிராணிகளிலிருந்தே தொடங்கியது. ஐரோப்பாவில் சுவீடன் தேசத்தில் 1890-ஆம் ஆண்டளவில் கால்நடை இன்ஷூரன்ஸ் வேரூன்றியது. நாய்க்கு முதன்முதல் பாலிசி எழுதப்பட்டதும் அத்தேசத்திலேயே, 1924-ஆம் ஆண்டில் என்பர். இன்று அங்கே பெரும்பான்மையான நாய்கள் இன்ஷூர் செய்யப்பட்டவை. இதற்குக் காரணம் யாதெனில், அந்நாடுகளில் பிராணி வைத்தியம் பெரும்பாலும் தனியார் கையில் இருப்பதும், ஓர் அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் செலவு சாமானியக் குடும்பத்தின் வருமானத்தையே பாதிக்கக்கூடியதாக இருப்பதுமேயாகும்.

நமது நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஜெனரல் இன்ஷூரன்ஸ் தொழில் தேசியமயமாக்கப்பட்டது. 1973 முதல் 107 கம்பெனிகளின் தொழில் நான்கு சர்க்கார் கம்பெனிகளில் அடங்கிற்று. அவை நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்பன. இவற்றுள் கடைசியில் கூறியதன் தலைமை அலுவலகம் சென்னையில் உள்ளது. மாடு, ஆடு முதலியவற்றுடன் நாய்க்கும் பாலிசி எழுதும் வழக்கம் இக்கம்பெனிகளில் உண்டு. 2020-ஆம் ஆண்டு முதல் தனியார் கம்பெனிகள் சிலவும், நாயின் சிகிச்சைச் செலவை ஏற்கும் பாலிசிகளை விற்கத் தொடங்கியுள்ளன.

பாலிசிகளின் வகை

நாய்க்குரிய பாலிசிகள் பொதுவாக மூன்று வகைப் பயன்களைத் தருவன. சில பாலிசிகளில் ஒன்று மட்டுமே இருக்கும். சிலவற்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்திருக்கும்.

முதலாவது, நாய் வியாதியினாலோ விபத்தினாலோ இறந்தால் அதன் மதிப்பைக் கொடுப்பது. பழைய பாலிசிகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. எட்டு வாரம் முதல் எட்டு வயது வரையுள்ள நாய்களையே இவை வழக்கமாக ஏற்கும்.

இரண்டாவது, சிகிச்சைச் செலவை ஒரு வரம்புக்குட்பட்டுக் கொடுப்பது. இதில் ஒவ்வொரு செலவிலும் ஒரு பங்கை நாயின் சொந்தக்காரர் தாமே ஏற்க வேண்டும் என்னும் நிபந்தனை இருப்பதுண்டு.

மூன்றாவது, நாய் பிறரைக் கடித்தாலோ பிறர் பொருளுக்குச் சேதம் விளைத்தாலோ, அதற்காகச் சொந்தக்காரர் கொடுக்க நேரும் நஷ்ட ஈட்டை ஏற்பது.

இனி, பாலிசி கொடாதவை எவை என்பதைக் கவனிப்போம். பாலிசி எழுதுமுன்பே இருந்த வியாதி, பிறவிக் குறை, பரம்பரையாக வரும் குறை ஆகியவற்றிற்குப் பணம் கிடைப்பதில்லை. வெள்ளை நிற இராஜபாளையம் குட்டிகளுள் சில பிறவியிலேயே காது கேளாதவையாக இருப்பதுண்டு. இதனை வாங்கும்போதே, குட்டியின் பின்புறம் நின்று கைதட்டிச் சோதித்துக் கொள்ளவேண்டுமேயன்றிப் பின்னர்ப் பாலிசியை நம்பியிருப்பதில் பயனில்லை. பாலிசி தொடங்கிய நாள் முதல் சில வாரங்கள் வரை தோன்றும் வியாதிக்கும் பணம் மறுக்கப்படுவதுண்டு. இதனைக் காத்திருப்புக் காலம் என்பர். எல்லாவற்றிலும் முக்கியமானது, தடுப்பூசியினால் தடுக்கக்கூடிய வியாதிகளுக்கு, உரிய காலத்தில் ஊசி போடப்பட்டதற்கான சர்டிபிகேட் இல்லையேல் பணம் கொடுப்பதில்லை என்னும் நிபந்தனையாகும்.

குட்டிப் பருவத்தின் ஆபத்துக்கள்

இந்நிபந்தனையை நன்கு சிந்தித்தல் வேண்டும். நாய்க்குட்டிக்கு உயிராபத்து மிகுதியாயிருப்பது முதல் நான்கைந்து மாதங்களிலேயாம். பார்வோ என்னும் கடும் வயிற்றுப்போக்கு நோய் 1978-ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிற்று. இரத்தம் கலந்த பேதியும் வாந்தியும் கண்டு இரண்டொரு நாட்களில் குட்டி மடிந்துவிடக்கூடும். டிஸ்டெம்பர் என்னும் நோய் மூக்கொழுகலில் தொடங்கி வலிப்பில் முடியும். எலிக்காய்ச்சல் எனப்படும் நோயோ நெல் விளையும் நாட்டிற்கே உரியது. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரிலும் வாய்க்கால் நீரிலும் இதன் கிருமிகள் தங்கியிருந்து, நாய்க்கும், மாட்டுக்கும், அந்நீரில் வெறுங்காலுடன் நின்று வேலை செய்யும் மனிதருக்கும் தொற்றும். இவற்றுடன் கொக்கிப்புழு குட்டியின் இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும். உண்ணிகள் காய்ச்சலைப் பரப்பும்.

இவ்வபாயங்கள் மிகுந்திருக்கும் மாதங்களிலேயே பாலிசியின் வயது வரம்பும், காத்திருப்புக் காலமும், தடுப்பூசி நிபந்தனையும் குறுக்கே நிற்கின்றன. ஆகவே, ஊசி போடாத குட்டிக்குப் பாலிசி எடுப்பது, அடைப்பில்லாத மடையில் தண்ணீர் தேக்க முயல்வதை ஒக்கும். ஊசி முறையாகப் போட்ட குட்டிக்கோ, மேற்கூறிய கொடிய நோய்கள் வரும் அபாயமே பெரிதும் குறைந்துவிடுகின்றது. எவ்வாறு பார்ப்பினும் முதற்செலவு ஊசிக்கே உரியது.

ஊசி போடும் முறை வருமாறு: ஆறு முதல் எட்டு வார வயதில் பார்வோ, டிஸ்டெம்பர் முதலியவற்றிற்கான கூட்டு ஊசியைத் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு வாரம் நிறையும் வரையில் திரும்பப் போடவேண்டும். எலிக்காய்ச்சலுக்குரிய மருந்தும் அதில் அடங்கியுள்ளதா என்று கேட்டறிதல் நலம். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும். பின்னர் ஆண்டுதோறும் ஊசியைப் புதுப்பிக்கும் காலத்தைக் கால்நடை வைத்தியர் குறித்துக் கொடுப்பார். குடற்புழு மருந்தை இரண்டாம் வாரம் முதலே பதினைந்து நாட்களுக்கொருமுறை மூன்று மாதம் வரையிலும், பிறகு மாதம் ஒருமுறையாக ஆறு மாதம் வரையிலும் கொடுப்பது வழக்கம். போட்ட ஊசிகளின் தேதியும் வைத்தியரின் கையொப்பமும் உள்ள அட்டையைப் பத்திரம் வைக்கும் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுக.

வெறிநோயும் இன்ஷூரன்ஸும்

நாயினால் ஒரு குடும்பத்திற்கு நேரக்கூடிய மிகப் பெரிய நஷ்டம் நாயின் விலையன்று; அது வெறிநோயாகும். வெறிநோயின் குறிகள் தோன்றிய பின் மனிதராயினும் மாடாயினும் பிழைப்பது இல்லையென்றே சொல்லவேண்டும். ஊசி போடாத காவல் நாய் தெருவில் வெறிநாயால் கடியுண்டு, சில நாட்களோ சில மாதங்களோ கழித்து வெறி கொண்டு, தொழுவத்திலுள்ள கறவைப் பசுவையும் முற்றத்தில் விளையாடும் குழந்தையையும் கடிக்கக்கூடும். இந்நஷ்டத்திற்கு ஈடு கொடுக்கவல்ல கம்பெனி உலகில் யாதுமில்லை.

ஆயினும், இந்நோயைத் தடுப்பது மிக எளிது. 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் என்னும் விஞ்ஞானி, வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பு மருந்தேற்றி உயிர் காத்தார். நம் மாகாணத்தில் குன்னூரில் 1907-ஆம் ஆண்டு தொடங்கிய பாஸ்டர் நிலையம் இம்மருந்தைத் தென்னிந்தியர்க்குக் கிட்டச் செய்தது. அக்காலத்தில் கடியுண்டவர் இரயிலேறிக் குன்னூருக்குச் செல்ல நேர்ந்தது. இன்றோ நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும், பிற அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஊசி கிடைக்கின்றது. எந்த நாய் கடித்தாலும், ஊசி போட்ட சொந்த நாயே ஆயினும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே வைத்தியரிடம் செல்க. மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு முதலியவற்றைக் காயத்தில் அப்பிக் காலங்கடத்துதல் பெருந்தவறு. கடித்த நாயைக் கொல்லாமல் கட்டிவைத்துப் பத்து நாட்கள் கவனித்தல் வேண்டும். ஆனால் அதுவரை ஊசியைத் தள்ளிப்போடலாகாது.

ஆகவே, நாய்க்குப் போடும் வெறிநோய் ஊசியே அக்குடும்பம் முழுவதற்கும், தொழுவம் முழுவதற்கும் செய்யும் முதல் இன்ஷூரன்ஸ் எனக் கொள்க.

வரவு செலவுக் கணக்கு

ஊசி போட்டாயிற்று, பாலிசியும் வேண்டுமா என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கீழ்க்கண்ட தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டும் கூறப்படுவன. உண்மைத் தொகையைக் கம்பெனியிடம் கேட்டறிக.

பத்தாயிரம் ரூபாய் விலையுள்ள குட்டிக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் பிரீமியம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்திற்கு 500 ரூபாயாகும், வரி வேறு. இதன் பொருள் யாதெனில், அத்தகைய நாய்கள் இருபதில் ஒன்று ஒவ்வொரு வருஷமும், அதுவும் பாலிசி ஒப்புக்கொள்ளும் காரணங்களால், இறந்தால்தான் கொடுக்கும் பணமும் திரும்பும் பணமும் சமமாகும் என்பதே. நன்றாக ஊசி போட்டு, இரவில் மட்டும் வேலிக்குள் அவிழ்த்துவிட்டு வளர்க்கும் நாய்க்கு அவ்வளவு ஆபத்து இருப்பதாகத் தோன்றவில்லை. நெடுஞ்சாலை ஓரத்து வீட்டிலோ, பாம்பு நடமாட்டம் மிகுந்த தோப்பிலோ திரியும் நாய்க்கு அவ்வபாயம் உண்டு என்று சொல்லலாம்.

சிகிச்சைப் பாலிசியை இதினின்றும் வேறாக மதிக்கவேண்டும். சுவீடன் முதலிய தேசங்களின் நிலைமை நமக்குப் பொருந்தாது. நம் மாவட்டத்தில் அரசு கால்நடை ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் கிராமங்கள் வரை பரவியுள்ளன. 1962 என்னும் டெலிபோன் எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை வைத்திய ஊர்தியின் உதவியைப் பெறலாம். பெரிய சிகிச்சை தேவையாயின், அண்டை மாவட்டமாகிய திருநெல்வேலியில், இராமையன்பட்டியில் 2012 முதல் நடைபெற்றுவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியை நாடலாம். இவ்வசதிகளைப் பயன்படுத்துவோருக்குச் சிகிச்சைப் பாலிசியின் பயன் குறைவு. தனியார் வைத்தியசாலையையே நம்பியிருப்போருக்கும், எலும்பு முறிவு முதலியவற்றிற்கு ஒரே தடவையில் பெருந்தொகை செலவிட இயலாதோருக்கும் அது உதவும்.

பாலிசிக்கு மாற்றாகச் சேமிப்பு ஒன்றும் உண்டு. மாதம் 100 ரூபாய் வீதம் தபால் ஆபீஸ் சேமிப்பில் போட்டுவந்தால் மூன்று வருஷத்தில் 3,600 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கைவசம் இருக்கும். நாய்க்கு நோயில்லையேல் அப்பணம் நமக்கே உரியது. பிரீமியமோ போனது போனதே. ஆயினும் சேமிப்பிலும் ஒரு குறை உண்டு. மூன்றாம் மாதத்திலேயே நாய் வண்டியில் அடிபட்டால் சேமிப்பில் 300 ரூபாய்தான் இருக்கும். இக்குறையை நீக்குவதே பாலிசியின் தனிச்சிறப்பாகும்.

பசுவும் நாயும்

இன்ஷூரன்ஸ் என்பது, நேர்ந்தால் நம்மால் தாங்க இயலாத நஷ்டத்திற்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடாகும். தாங்கக்கூடிய சிறு நஷ்டத்திற்கெல்லாம் அதை நாடுவது வீண் செலவு. இவ்வளவுகோலைக் கொண்டு வீட்டிலுள்ள பிராணிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். நாய்க்குட்டி இறந்தால் மனத்துயர் பெரிதாயினும் வருஷ வரவு செலவு ஆடிப்போவதில்லை. கறவைப் பசு இறந்தால் அன்றாட வருமானமே நின்றுவிடும்.

அத்துடன் பசுவுக்குச் சர்க்கார் உதவியும் உண்டு. நாய்க்கு அது இல்லை. தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ், பயனாளி செலுத்த வேண்டிய பிரீமியப் பங்கு நூற்றுக்குப் பதினைந்து எனவும், எஞ்சியதை மத்திய, மாநில சர்க்கார்கள் பகிர்ந்துகொள்ளும் எனவும் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மத்திய மந்திரி சபை முடிவு செய்தது. உதாரணமாக, 60,000 ரூபாய் மதிப்புள்ள பசுவுக்கு நூற்றுக்கு நான்கு வீதம் பிரீமியமானால் மொத்தம் 2,400 ரூபாய்; அதில் விவசாயி கொடுப்பது 360 ரூபாய் மட்டுமே. ஆகவே, தொழுவத்தில் பசுவை இன்ஷூர் செய்யாமல் விட்டுவிட்டு, வாசலில் நாய்க்குட்டிக்குப் பாலிசி எடுப்பது வரிசை மாறிய செயலாகும். இத்திட்டம் தம் ஊரில் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

பிறருக்கு நேரும் தீங்கு

நாய் பிறரைக் கடித்தால் சொந்தக்காரருக்குப் பொறுப்பு உண்டு. பிராணியினால் மனித உயிருக்கு அபாயமோ கொடுங்காயமோ நேராதபடி தக்க ஜாக்கிரதை எடுத்துக்கொள்ளாதவருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று, 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு கூறுகின்றது. இத்தண்டனையை எப்பாலிசியும் நீக்காது. சிவில் நஷ்ட ஈட்டை மட்டுமே ஒரு வரம்பு வரையில் ஏற்கும். கூலியாட்களும், பால்காரரும், தபால்காரரும், பள்ளிப் பிள்ளைகளும் இடைவிடாது நடமாடும் வழியில் பெரிய காவல் நாய் வளர்ப்பவருக்கு இப்பயன் கவனிக்கத்தக்கது. ஆயினும் உறுதியான சங்கிலியும், சாத்திய கதவும், அறிவிப்புப் பலகையும் அதனினும் முற்பட்ட காவலாகும்.

பாலிசி எடுப்போர் கவனிக்க வேண்டியவை

1. பாலிசியின் நிபந்தனைகளை வாங்குமுன் முழுவதும் படிக்கவேண்டும். தெரியாதவற்றைப் படித்தவரைக் கொண்டு தெளிந்துகொள்ளவேண்டும். ஏஜெண்டின் வாய்மொழியைப் போதுமென்று கொள்ளற்க.

2. சாவுக்கு மட்டுமா, சிகிச்சைக்குமா, பிறர் சேதத்திற்குமா என்பதையும், பாம்புக்கடி, விஷம், களவு ஆகியவை அடங்குமா என்பதையும் குறிப்பாகக் கேட்க. காவல் நாய்க்கு இவையே மிகுதியாக நேர்வன.

3. குட்டியின் வயது, நிறம், அடையாளம் ஆகியவற்றைப் புகைப்படத்துடன் பதிவு செய்க. மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் அதன் எண்ணையும் குறிக்க. மாட்டுக்குக் காதுவில்லை எவ்வாறோ அவ்வாறே நாய்க்கு இவ்வடையாளம்.

4. வாங்கிய ரசீது, ஊசி அட்டை, வைத்தியர் சர்டிபிகேட் ஆகியவற்றை ஒரே உறையில் வைக்க.

5. நாய் இறந்தால் உடனே புதைத்துவிடாமல் கம்பெனிக்கு அறிவித்து, கால்நடை வைத்தியரின் பரிசோதனைச் சர்டிபிகேட்டைப் பெற்ற பின்னரே அடக்கம் செய்க. வெறிநோய் என்ற சந்தேகம் இருப்பின் உடலைத் தொடாமல் வைத்தியருக்குச் சொல்லியனுப்புக.

கிராம அதிகாரிகளுக்கு

ஒரு பகுதியிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் ஊசி போட்டால் அங்கே வெறிநோய்ப் பரவல் அற்றுப்போகும் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கொள்கை. நாய்களால் பரவும் வெறிநோயை 2030-ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் 2021 செப்டம்பர் 28-ஆம் நாள் வெளியிடப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாளை வெறிநோய் ஒழிப்புத் தினமாகக் கொண்டாடி ஊசி முகாம்கள் நடத்துவதுண்டு. ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் நாகர்கோவிலிலுள்ள கால்நடை பராமரிப்பு இலாகா அலுவலகத்துடன் முன்கூட்டியே தொடர்பு கொண்டு, தத்தம் ஊரில் வீட்டு நாய்களின் ஜாபிதா ஒன்றைத் தயாரித்து, முகாம் நாளைத் தண்டோரா மூலமாகவும் ஒலிபெருக்கி மூலமாகவும் அறிவித்தால் மிக்க பயனுண்டாகும். ஒரு வீட்டு நாய்க்கு மட்டும் ஊசி போட்டுத் தெரு முழுவதையும் விட்டுவிடுதல், ஒரு வயலில் மட்டும் எலி பிடிப்பது போலாம்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது இது. முதலில் குட்டிக்கு ஊசிகளை முறைப்படி போடுக. அடுத்துக் கறவைப் பசுவை இன்ஷூர் செய்க. பின்னர் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைச் சேமித்து வருக. இம்மூன்றும் செய்த பின்னும், குட்டியின் விலை பெரிதாயிருந்தாலோ, அடிபடும் அபாயம் மிகுந்த இடத்தில் அது வளர்வதாயினும், பிறர் நடமாடும் வழியில் காவல் நிற்பதாயினும், நிபந்தனைகளைப் படித்தறிந்து பாலிசி எடுத்தல் தக்கதே. வீட்டில் பிறந்த நாட்டுக் குட்டிக்கும், வேலிக்குள் வளரும் சாதாரணக் காவல் நாய்க்கும் ஊசி அட்டையும் சேமிப்பும் போதும்.